மூணு பை வாங்கினா மூணு ரகமா?

கேள்வி: ஐயா, போன போகம் அஞ்சு ஏக்கர்லயும் ஒரே மக்காச்சோள ஹைபிரிட்தான் போட்டேன். பூ எடுக்குற நேரம் பாத்து மழை நின்னு போச்சு, வெயிலும் போட்டு காய்ச்சிருச்சு, கதிர உரிச்சா பாதி சக்கைல மணியே இல்ல. இந்த தடவ ரிஸ்க் வேணாம்னு மூணு கம்பெனி விதைய வாங்கி கலந்து போடலாம்னு இருக்கேன், சரியா வருமா?

பதில்: பாதி சரி தம்பி. பை மூணா இருந்தா ரகமும் மூணுன்னு நினைக்காதீங்க, ஒரே ஹைபிரிட்ட வேற வேற பேர்ல விக்கிறதும் உண்டு. 1970ல அமெரிக்காவுல நடந்தது தெரியுமா, விதை உற்பத்தில ஆண்பூவ கையால ஒடிக்கிற கூலிய மிச்சம் பண்ணலாம்னு ஏகப்பட்ட கம்பெனி ஒரே தாய்வழிய எடுத்துக்கிச்சு, ஆண்பூவுல மகரந்தமே வராத 'டெக்சாஸ்' மலட்டு வகைன்னு சொல்லுவாங்க, பைல பேர் எல்லாம் வேற வேற ஆனா சுமார் 85 சதவீத நிலத்துல உள்ள இருந்தது அதே தாய்தான், அதுக்குன்னே ஒரு இலைக்கருகல் நோய் வந்து அந்த நாட்டோட மக்காச்சோள மகசூல்ல 15 சதவீதம் கிட்ட போயிருச்சு.

அதனால பேர விடுங்க, குணத்த பாருங்க. உங்களுக்கு அடி விழுந்தது பூவுல. செடிக்கு தண்ணி பத்தலன்னா கதிர் நுனில மகரந்தத்த வாங்குற பட்டு நூல் வெளிய வர லேட்டாகும், ஆண்பூ அதுக்குள்ள மகரந்தத்த கொட்டி முடிச்சிரும், அப்புறம் மழை பேஞ்சு என்ன பண்ண. ஒண்ணு 95 நாள் கிட்ட, இன்னொன்னு 110 நாள் கிட்டன்னு வயசு வித்தியாசமா எடுத்தா ரெண்டும் ஒரே நேரத்துல பூவுல மாட்டுற வாய்ப்பு குறையும். ஆனா கலந்து மட்டும் விதைக்காதீங்க, ஒண்ணு காஞ்சு நிக்கும் ஒண்ணு பச்சையா நிக்கும், அறுப்புல திண்டாடிருவீங்க. தனித்தனி பாத்தியா போடுங்க.

விளம்பரத்துல வர்ற ரெக்கார்ட் மகசூல் எனக்கு பெருசா படாது. பல இடத்துல, ரெண்டு மூணு வருஷம் போட்டு பாத்த கணக்கு கேளுங்க, அதுலயும் மழை ஏமாத்துன வருஷம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. ஒரு இடத்துல முதல்ல வந்து இன்னொரு இடத்துல படுத்த ரகத்த விட, எங்க போட்டாலும் மேல் வரிசைல நிக்கிற ரகம்தான் நமக்கு. புது ரகம்னா மொத்த நிலத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம்.

நீங்க வாங்க நினைக்கிற ரகம் நிக்கிற பக்கத்து காட்டுல அறுப்புக்கு முன்னாடி நுழைஞ்சு தட்டைய நெஞ்சு உயரத்துல பிடிச்சு லேசா சாய்ச்சு விட்டு பாருங்க, நிமிந்து நின்னா நல்ல தட்டை, மடங்கினா உள்ள அழுகல், ஒரு காத்துக்கு தாங்காது. வாங்குன விதைல 100 எண்ணி ஈர சாக்குல சுருட்டி வைங்க, ஒரு வாரத்துல 90க்கு கீழ முளைச்சா பைய திருப்பி குடுங்க. லாட் நம்பர், அதாவது விதை எந்த தொகுதின்னு காட்டுற எண், போட்ட பில் இல்லன்னா யாரும் திருப்பி வாங்க மாட்டாங்க, அத மறந்துராதீங்க. மருந்து தடவுன விதை, கைக்கு உறை போட்டுக்கோங்க.

கேள்வி: நல்லா வந்த ஹைபிரிட் கதிர்லயே அடுத்த போகத்துக்கு விதை எடுத்தா என்ன?

பதில்: எடுக்காதீங்கம்மா. அடுத்த தலைமுறைல குணம் பிரிஞ்சிரும், ஒரு செடி உயரமா நிக்கும் ஒரு செடி குட்டையா நிக்கும், மகசூலும் இறங்கிரும். சொந்த விதைதான் வேணும்னா ஹைபிரிட் இல்லாத, காத்துலயே இயற்கையா மகரந்தம் சேர்ந்து வர்ற ரகமா பாத்து வாங்குங்க.