கேள்வி உங்களோடது: பைன் காட்டுக்குள்ள குருவி ஏன் இல்ல?

லீவுக்கு நுவரெலியா போனப்ப கந்தே எல குளத்தடிக்கும் போனம், சுத்திவர பைன் காடு, படமெடுக்க அந்தமாதிரி இடம், ஆனா காட்டுக்குள்ள அவ்வளவு நேரம் நடந்தும் ஒரு குருவியக் கூட காணல்ல. எல்லாம் எங்க போச்சு?
(வாசகி, வெள்ளவத்தை)

எங்கயும் போகல்ல, நீங்க தேடின இடம்தான் சரியில்ல. பைன் நம்ம நாட்டு மரமில்லயே, 1970, 80கள்ல மலைநாட்டுல புல்லு மட்டும் கிடந்த நிலத்துல அரசாங்கம் நிறைய நட்டது, அதுட ஊசி மாதிரி இலை விழுந்தா லேசில உக்காது, மெத்தை மாதிரி தரையில சேர்ந்துக்கிட்டே இருக்கும், அதுக்குள்ளால வேற செடி முளைச்சு வாறது கஷ்டம், செடி இல்லாட்டி பூவும் இல்ல பழமும் இல்ல பூச்சியும் கொஞ்சம்தான், அப்ப குருவிக்கு அங்க என்ன வேலை? (படத்துக்கு மட்டும் நல்ல காடு!)

அடுத்த முறை நடுவுக்குப் போகாதீங்க. பைன் முடிஞ்சு நம்ம ஊர்ப் பத்தை தொடங்குற ஓரம், இல்லாட்டி குளத்துக்கு ஓடை வந்து விழுற இடம், அங்க கதைக்காம நில்லுங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒண்டுமே இருக்காது, திடீர்னு வெள்ளைக்கண்ணி, பட்டாணிக்குருவின்னு எல்லாம் ஒரே கூட்டமா வந்து இறங்கும், பாத்துக்கிட்டிருக்கும்போதே காணாமப் போயிரும். மஞ்சக்காது கொண்டைக்குருவியையும் தேடுங்க, அது இலங்கையில மட்டும், அதுவும் மலையில மட்டும்தான். பைன் மரத்துலயே பாக்கணும்னா அடிமரத்தப் பாருங்க, நீல முதுகும் சிவப்பு அலகுமா ஒரு சின்னக் குருவி தலைகீழா இறங்கி இறங்கி பட்டை இடுக்கக் குடையும், நட்ஹாட்ச்னு சொல்றது அதைத்தான்.

தண்ணியில பெருசா எதிர்பாக்காதீங்க. முக்குளிப்பான், நீர்க்காகம் இருக்கலாம், ஆனா ஆழமான மலைக்குளத்துல மன்னார் களப்புல மாதிரி கூட்டம் சேராது, இரை தேட ஆழமில்லாத சேத்து நிலம் வேணுமே.

பைனாகுலர் 8x42 நல்லமா, 10x42 நல்லமா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

காட்டுக்கு 8தான். 8ங்கிறது எத்தின மடங்கு பெருசாக் காட்டும்ங்கிறது, 42 முன் கண்ணாடிட விட்டம், மில்லிமீட்டர்ல. 10 எடுத்தா குருவியோட சேத்து உங்க கை நடுக்கமும் பெருசாகும். பேவ்மெண்ட்ல நூறு மடங்கு சூம்னு விக்கிறதப் பாத்து ஏமாறாதீங்க. வாங்கினதும் தலங்கம குளத்தடியில பழகிப் பாருங்க. கூட்டாளி வேணும்னா 1976லிருந்து இயங்குற இலங்கை களப் பறவையியல் குழு இருக்கு, கொழும்பு பல்கலைக்கழக விலங்கியல் துறையிலதான்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் பாக்க ஆசை. போன்ல அதுட சத்தத்தப் போட்டா கிட்ட வருமாமே?
(மாணவர், தெஹிவளை)

வரும் தம்பி, அதுக்காகத்தான் போட வேணாம்ங்கிறது. அது இமயமலைப் பக்கமிருந்து பறந்து வந்து நம்ம மலையில குளிர்காலத்த கழிக்குது, தன்ட இடத்துக்குள்ள வேற ஒண்டு பூந்துட்டுதுன்னு நினைச்சா இரை தேடுறத விட்டுட்டு சண்டைக்குத்தான் வரும். உலகம் முழுக்கப் பாத்தாலும் கொஞ்சமாத்தான் இருக்கிற குருவி வேற. சத்தமே தேவையில்ல, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில நுவரெலியா விக்டோரியா பார்க் போங்க, ஓடை ஓரத்து மரங்களப் பாருங்க, ஆணுக்கு தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், ரெண்டு பக்கமும் கறுப்புக் கரை. கேட் திறந்தவுடனே உள்ள போயிருங்க, பிந்தினா ட்ரிப் பஸ் எல்லாம் வந்துரும்.