'மூடவும்' என்பதா, 'மூடப்பட வேண்டும்' என்பதா?

கேள்வி: கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். தமிழ்க் கையேட்டில் 'டெலிவரி வால்வை மூடவும்' என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை 'டெலிவரி வால்வு மூடப்பட வேண்டும்' என்று திருத்திவிட்டார். தொழில்நுட்ப நடை என்றால் செயப்பாட்டு வினைதான் என்கிறார். எது சரி?

பதில்: நீங்கள் எழுதியதுதான். ராத்திரி கிணற்றடியில் டார்ச் வெளிச்சத்தில் கையேட்டைப் புரட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். மூடப்பட வேண்டும், சரி, யார் மூடுவது? தானா, எலக்ட்ரீஷியனா, இல்லை கம்பெனியிலேயே மூடி அனுப்பியிருக்கிறார்களா? 'மூடவும்' என்றால் கை நேராக வால்வுக்குப் போகும்.

மேலாளரையும் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலக் கையேடுகளைப் பார்த்துப் பழகிய கை அது. ஆங்கிலத்தில் கட்டளை வாக்கியம் தவிர மற்றவற்றுக்கு எழுவாய் வேண்டும். செய்தவரைச் சொல்லாமல் விட நினைத்தால் செயப்பாட்டு வினைக்குத் தாவுவது அங்கே எளிய வழி. தமிழுக்கு அந்த நெருக்கடியே கிடையாது. 'பம்புக்குள் தண்ணீர் ஊற்றி, காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும்.' இதில் எழுவாய் எங்கே? இல்லை, யாரும் தேடவும் மாட்டார்கள். 'வேண்டும்', 'கூடாது', 'செய்யலாம்' எல்லாமே ஆள் பெயர் சொல்லாமல் செய்வினையாகவே நிற்கும். படிக்கிறவர் தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். வேறு ஆள் செய்ய வேண்டிய வேலை என்றால் பெயரிட்டுவிடுங்கள்: 'மின் இணைப்பை எலக்ட்ரீஷியன் மட்டுமே கொடுக்க வேண்டும்.'

மேலாளருக்கு ஆங்கிலச் சான்றுதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக வளர்ந்த ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற எளிய ஆங்கில நடை விதிகள், செய்முறைப் படிகளில் செய்வினையை மட்டுமே அனுமதிக்கின்றன.

அதற்காகச் செயப்பாட்டு வினையே ஆகாது என்றில்லை. 'மெக்கானிக்கல் சீல் ஆலையிலேயே பொருத்தப்பட்டுள்ளது' என்பது நல்ல வாக்கியம். எந்தத் தொழிலாளி பொருத்தினார் என்பது யாருக்கும் வேண்டாம். வேலை முடிந்துவிட்டது என்ற செய்திதான் வேண்டும். 'இந்த மோட்டார் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்டது' என்பதும் அப்படியே.

ஆனால் அதை எழுதுமுன், தன்வினை ஒன்று கையருகே இருக்கிறதா என்று பாருங்கள். 'மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் மோட்டார் நிறுத்தப்படும்' என்று ஏன் இழுக்க வேண்டும்? 'மின்சாரம் போனதும் மோட்டார் நிற்கும்.' தொட்டி நிரப்பப்படுவதில்லை, நிரம்புகிறது. இந்த வசதி நேற்று வந்ததல்ல. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதைத் தொல்காப்பியமே மரபு என்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் 'திண்ணை மெழுகிற்று' யார் மெழுகியது என்று சொல்லவே இல்லை.

செயப்பாட்டு வினையோடு வரும் 'ஆல்' உருபு இன்னொரு தொல்லை. அது ஆளுக்கும் வரும், கருவிக்கும் வரும். 'பொறியாளரால் மல்டிமீட்டரால் அளக்கப்பட்டது' என்று ஒரு அறிக்கையில் பார்த்தேன். 'பொறியாளர் மல்டிமீட்டரால் அளந்தார்' என்றால் எல்லாம் முடிந்தது.

பழுது அறிக்கை எழுதும்போது கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். 'வால்வு திறந்துவிடப்பட்டிருந்தது' என்றால் யாரோ திறந்துவிட்டார்கள் என்று நீங்கள் தீர்ப்பே எழுதியாயிற்று. நீங்கள் போனபோது கண்டது அவ்வளவுதான் என்றால் 'வால்வு திறந்திருந்தது' போதும். திறந்தவர் தெரிந்தால் அவர் பதவியைக் குறிப்பிட்டுச் செய்வினையில் எழுதுங்கள்.

அப்புறம், கோப்பில் 'படு' என்று தேடி ஒரேயடியாக வெட்டிவிட வேண்டாம். 'செயல்படும்', 'தேவைப்படும்', 'பயன்படுத்தவும்' எதுவும் செயப்பாட்டு வினை இல்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.