கோதுமைப் புல் சாறு குடித்தால் ஐ.என்.ஆர் குறையுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இதயத்தின் மைட்ரல் வால்வு மாற்றி (உலோக வால்வு) நான்கு வருடமாக, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக மாடியில் தட்டில் வளர்க்கும் கோதுமைப் புல்லை அரைத்து தினமும் காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறார். 2.8, 3 என்று நின்ற ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) போன வாரம் 1.7. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். சாறு பற்றி நாங்கள் சொல்லவில்லை. லேப் தப்பா, சாறா?
- வாசகி, கருங்கல்

பதில்: லேபைச் சந்தேகப்படும் முன் அந்த டம்ளரைப் பாருங்கள் அம்மா. பச்சை இலை எதிலும் விட்டமின் கே உண்டு, கோதுமைப் புல்லிலும்தான். ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைச் செய்ய ஈரலுக்கு அது வேண்டும். வார்ஃபரின் தடுப்பதும் அதைத்தான். சாறு கூடினால் மாத்திரையின் பலம் குறையும், ஐ.என்.ஆர் இறங்கும். உலோக மைட்ரல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டிய இடத்தில் 1.7 என்றால் வால்வில் ரத்தம் கட்டலாம்.

இதைவிட என்னைப் பதற வைப்பது வேறொன்று. இதைப் படித்ததும் நாளைக் காலையிலேயே சாற்றை நிறுத்திவிடுவீர்கள், கூட்டிய மாத்திரை மட்டும் அப்படியே ஓடும், அப்போது ஐ.என்.ஆர் மேலே ஏறி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இன்றே டாக்டருக்குப் போன் போட்டு எத்தனை மில்லி, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். சாற்றை எப்போது விடுவது, மாத்திரை எவ்வளவு, அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று அவரே சொல்லட்டும்.

முருங்கையிலைத் துவரனும் இதே வகைதான், ஆனால் அதை ஒதுக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் அதற்கேற்ப மாத்திரையை அமைத்துக்கொள்ளலாம். மாடித் தட்டில் ஒருநாள் ஏழாம் நாள் புல், மறுநாள் பத்தாம் நாள் புல், அளவும் கைக்கு வந்தபடி. இதில் எப்படி ஐ.என்.ஆர் நிலையாக நிற்கும்?

அப்புறம், புல்லின் பச்சையம் அப்படியே ரத்தமாகிவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம், ஹீமோகுளோபினில் இரும்பு.

ராத்திரி வீடு அடங்கியபின் அம்மாவின் பக்கத்தில் படுத்தால் வால்வின் டிக் டிக் சத்தம் கேட்குமே, அது மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஈறில் ரத்தம், கறுப்பு மலம், அடிபடாமலே நீலம் கட்டுவது என்றாலும் அப்படித்தான்.