காவல் அதிகாரியைப் பேட்டி காண விரும்பும் மாணவருக்கு

கேள்வி: கல்லூரி ஆய்வுத் திட்டத்துக்காகக் காவல் அதிகாரி ஒருவரைப் பேட்டி காண வேண்டும். நேரே காவல் நிலையத்துக்குச் சென்று கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் அங்கு முதலில் எதிர்ப்படுபவருக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் இருப்பது அரிது. பணியில் இருப்பவர்கள் மேலதிகாரியின் அனுமதியின்றித் துறை விவகாரங்களைப் பற்றிப் பேட்டி அளிப்பதைப் பணி விதிகள் பெரும்பாலும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே உங்கள் கல்லூரித் துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட கடிதத்துடன் நிலையப் பொறுப்பாளருக்கு விண்ணப்பித்து, ஆய்வின் தலைப்பு, தேவைப்படும் நேரம், குரலைப் பதிவு செய்வீர்களா, அவர் பெயரை வெளியிடுவீர்களா என்பனவற்றை அதிலேயே தெளிவுபடுத்திவிடுங்கள். கேள்விகளையும் இணைத்து அனுப்புவது நல்லது. அதனால் பேட்டியின் சுவை குன்றும் என்று பத்திரிகையாளர்கள் தயங்கலாம், மாணவருக்கு அந்தக் கவலை தேவையில்லை.

விசாரணையில் உள்ள வழக்குகளைத் தொடாதீர்கள். “அந்தத் திருட்டு வழக்கு என்னவாயிற்று?” என்றால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும், “திருட்டுப் புகார் வந்தவுடன் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். அவசர அழைப்பு வந்தால் அவர் பாதியிலேயே எழுந்து போக நேரிடும் என்பதால், முக்கியமான கேள்விகளை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.