கௌரியம்மாவின் ஒற்றை எதிர்ப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரள அரசியல்வாதி கே.ஆர். கௌரியம்மாவை முன்மாதிரி சட்டமன்ற உறுப்பினர் என்று எழுதியிருந்தீர்கள். வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரஸ் அணிக்கே பதவிக்காகப் போனவர் அவர். எப்படி ஏற்பது?

– ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. 1994இல் மார்க்சிஸ்ட் கட்சிதான் அவரை வெளியேற்றியது. 1987 தேர்தலில் ‘கேரம் திங்கும் கேரள நாட்டில் கே.ஆர். கௌரி பரிச்சீடும்’ (தென்னை நிறைந்த கேரள நாட்டை கே.ஆர். கௌரி ஆள்வார்) என்று கோஷம் போட்டுத்தான் ஓட்டுக் கேட்டார்கள். ஜெயித்ததும் முதல்வரானவர் நாயனார். அப்போதும் கௌரியம்மா கட்சியில்தான் இருந்தார். 2001இல் காங்கிரஸ் முதல்வர் ஆண்டனியின் அமைச்சரவையில் சேர்ந்தது எனக்கும் உவப்பில்லை. ஆனால் சட்டமன்ற உறுப்பினரை எடைபோட வேண்டியது, அவர் கொண்டுவந்த சட்டத்தையும் அவையில் எடுத்த நிலையையும் வைத்துத்தானே?

1957இல் வருவாய்த்துறை அமைச்சரானபோது அவருக்கு 37 வயது. பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் குத்தகைக்காரர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதற்குத் தடை வந்தது. 1967இல் மறுபடியும் அதே துறை. 1969இல் நிறைவேறிய நிலச்சீர்திருத்தத் திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று அமலானபோது ஆட்சி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன் கைக்கு மாறியிருந்தது. பெருமை யாருக்கு என்ற சச்சரவு கிடக்கட்டும். ஜன்மியின், அதாவது நிலவுடைமையாளரின், தோப்பில் குடிசை போட்டுக் கிடந்தவர்களைக் ‘குடிகிடப்புக்காரர்’ என்பார்கள். ‘இறங்கு’ என்று ஜன்மி சொன்னால் சட்டிபானையோடு இறங்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரத்தில் 3 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமையை அந்தச் சட்டம் தந்தது. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள். ஒரு ஓட்டுவீடு, ஒரு கிணறு, நாலு தென்னை, சுற்றிலும் வேலி. அந்த வேலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான்.

நீங்கள் குற்றம் சொல்லும் காலத்துக்கே வருகிறேன். ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுத்தர 1975இல் கேரளம் ஒரு சட்டம் போட்டது. மீட்கத்தான் யாரும் முன்வரவில்லை. நீதிமன்றம் நெருக்கியதும், 1996இல் பழைய கைமாற்றங்களைச் செல்லத்தக்கதாக்க ஒரு திருத்த மசோதா வந்தது. அந்த நிலங்களில் குடியேறிய விவசாயிகளின் ஓட்டு எல்லாருக்கும் வேண்டும். ஆதிவாசிகளோ எண்ணிக்கையில் சிறியவர்கள். 140 பேர் கொண்ட அவையில் ஆளும் அணியும் எதிரணியும் ஒன்றாக நின்றன. எதிர்த்தவர் ஒரே ஒருவர். பழைய தோழர்களும் புதிய கூட்டாளிகளும் ஒரு பக்கம் இருக்க, எழுபத்தேழு வயதில் கௌரியம்மா தனியாக மறுபக்கம் நின்றார்.

அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

அன்புடன்.