பட்டறைப் பதில்கள்: பலகை எழும்பிய பேஸ் கிட்டார்

கேள்வி: எங்கள் கோயில் பாடகர் குழுவின் பேஸ் கிட்டார் இரண்டு வருடமாகத் தகரக் கொட்டிலில் கிடந்தது. இப்போது கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் விரல் பலகை நட்டுப் பக்கத்தில், அதாவது தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டையின் பக்கத்தில், எழும்பி நிற்கிறது. ஐந்தாம் பிரெட் (பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) வரை கடதாசி நுழைகிறது. முழுக் கழுத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்குக் காசில்லை. பலகையை மட்டும் மாற்ற முடியுமா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: முடியும் தம்பி. ஆனால் மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். கம்பிகளைக் கழற்றி, கழுத்தின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோலைத் தளர்த்திவிட்டு, ஒரு நேரான இரும்புச் சட்டத்தைப் பலகையின் மேல் வையுங்கள். பலகை நேராக இருந்து பசை மட்டும் விட்டிருந்தால், பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினால் காணும். பலகையே அலை அலையாக நெளிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். தகரத்தின் கீழே பகல் வெக்கையும் இரவு ஈரமும் மாறி மாறி ஏறியிருக்கும். நாலு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ இழுப்பு வேறு. பாவம், அந்தப் பசை எவ்வளவுதான் தாங்கும்?

பழைய பலகையைக் கழற்ற அயன் பெட்டி காணும். பிரெட்டுகளைப் பிடுங்க வேண்டாம், அந்த உலோகம் சூட்டை உள்ளே கொண்டுபோகும். பலகையில் ஒரு கை அகலத்தைச் சூடாக்குங்கள். பசை இளகியதும், சுவருக்குப் பட்டி பூசும் மெல்லிய தகட்டுக் கத்தியை மூட்டில் மெதுவாக நுழையுங்கள். பிறகு அடுத்த கை அகலம். கத்தி கழுத்து மரத்துக்குள் இறங்குவதுபோல் கைக்குத் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மறுமுனையிலிருந்து வாருங்கள், மர ரேகை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணித்தியாலம் போனாலும் போகட்டும், அவசரப்பட்டால் கழுத்து பிளக்கும்.

இனி மரம். வன்னியில் இருந்துகொண்டு மரத்துக்கு அலையத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். கருங்காலிதான் இந்த வேலைக்கு உலகமே தேடும் மரம், நம் காட்டு மரமும்தான். ஆனால் அதை வெட்டுவது சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். பழைய அலுமாரி, கதவுநிலை உடைத்த வீட்டில் கருங்காலியோ முதிரையோ கிடைத்தால் அதை எடுங்கள். முதிரை நல்ல இறுக்கமான மரம், பொன் நிறத்தில் அழகாக மின்னும். சீவும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள், அதன் தூள் சிலருக்குத் தோலில் கடுமையாகக் கடிக்கும்.

பழைய மரம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாரியில், அரிந்து சில மாதமே ஆன பலகையில் ஒரு பேஸுக்குப் பிரெட் அடித்துக் கொடுத்தேன். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. ஆடியில் சோளகம் வீசிய பிறகு அந்தப் பையன் திரும்பி வந்தான். மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கி, பிரெட் நுனிகள் இரண்டு ஓரத்திலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவன் இடக்கை ஓரமெல்லாம் கீறல். அந்தக் கையைப் பார்த்த பிறகு ஈர மரத்தை நான் தொடுவதில்லை.

புதுப்பலகையில் பிரெட் பள்ளம் வெட்டுவதற்கு அளவு முக்கியம். பெரும்பாலான பேஸுக்கு நட்டிலிருந்து, மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீற்றர். உங்களுடையதை நீங்களே அளந்து பாருங்கள். அதை 17.817 ஆல் வகுத்தால் முதல் பிரெட் 48.5 மில்லிமீற்றரில் விழும். மிச்ச நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குள்ள தூரம் வரும், அதை முந்திய தூரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது சரி பாதியில், 431.8 இல் வந்தால் கணக்குச் சரி. ஒவ்வொரு கோட்டையும் நட்டிலிருந்தே அளந்து போடுங்கள். முந்திய கோட்டிலிருந்து அளந்தால் அரை மில்லிமீற்றர் பிழை இருபது தடவை கூடிப்போகும், பிறகு எந்தச் சுருதியும் சேராது.

ஒட்டும்போது பலகை வழுக்கும். முதலாம், பன்னிரண்டாம் பிரெட் பள்ளங்களுக்குள் தலை வெட்டிய சின்ன ஆணி ஒவ்வொன்று இறக்கிவிடுங்கள், அது அசையவிடாது. ரொட் கிடக்கும் வாய்க்காலுக்கு மேலே டேப் ஒட்டி, பசை பூசிய பிறகு அதை உரித்தெடுங்கள். பசை உள்ளே வழிந்தால் ரொட் திரும்பாது, கழுத்தும் வீண். ஒரு நாள் முழுதும் கிளாம்பில் இருக்கட்டும்.

கேள்வி: பலகை மாற்றுகிற சாட்டில் பிரெட் இல்லாத பேஸாக்கி விடலாமா?
- வாசகர், மாங்குளம்

பதில்: தாராளமாக. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் பிரெட் கழற்றிய தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பள்ளங்களை நிரப்பி, மேலே எபொக்சிப் பிசின் பூசித்தான் வாசித்தார். உங்கள் பழைய பலகை நேராக இருந்தால் புதுப்பலகைகூட வேண்டாம். பள்ளங்களில் வெளிர் நிற மரச்சீவலை ஒட்டினால் விரலுக்குக் கோடு தெரியும். ஆனால் வாசிப்பவர் புதியவர் என்றால் பிரெட்டோடு இருக்கட்டும். முதலில் அவர் காது பழகட்டும்.