படகுக்கு இருந்த பணம் அப்பாவுக்கு இல்லையா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பத்து வருடமாக பிரஷருக்கு அட்டினோலால் சாப்பிடுகிறார். நாடித்துடிப்பு குறைவாக இருப்பதாக நர்ஸ் சொன்னார். இந்த மாத்திரை நாளடைவில் இதயத்தைக் கெடுத்துவிடுமா? போன மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, இன்ஜின் வேலை, பெயின்ட் என்று செலவாகிவிட்டதால் மாத்திரை வாங்கவில்லை. நாலாம் நாள் நெஞ்சு படபடத்தது, பிறகு சரியாகிவிட்டது.
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, போகிற போக்கில் கடைசியில் எழுதினீர்களே, அந்த இரண்டு வரிக்குத்தான் முதலில் வருகிறேன். நாலாம் நாள் படபடப்பு சும்மா வந்ததல்ல. மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் வருவது அது. உடம்பில் ஊறும் அட்ரினலின் இதயத்தை விரட்டாதபடி அட்டினோலால் மறித்து நிற்கிறது. வருடக்கணக்கில் மறித்துவைத்த இதயம், அட்ரினலின் கொஞ்சம் பட்டாலே துள்ளுகிற நிலைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மாத்திரை நின்றால் துடிப்பு எகிறும், பிரஷர் ஏறும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றாலும் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். உங்கள் அப்பா தப்பித்தார், அவ்வளவுதான்.

துடிப்பைக் குறைப்பது அந்த மாத்திரையின் வேலை. 50-க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ உடனே காட்டுங்கள். இதயத்தைக் கெடுப்பது பிரஷர். வலை இழுக்கிறவர் தோள் தடிப்பதுபோல, அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது கீழறைச் சுவர் தடித்துவிடும். தடித்த சுவர் விறைத்துப்போய், ரத்தம் வந்து நிரம்பும் அளவுக்கு விரியாது. லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வேறு பிரஷர் மாத்திரைகள் அந்தத் தடிப்பைக் குறைக்கின்றன. இதயச் சுவர் தடித்தவர்களிடம் நடத்தி 2002-ல் வெளியான லைஃப் ஆய்வில், அட்டினோலாலைவிட லோசார்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவாகவே வந்தது. அப்பாவுக்கு இன்னும் இதே மாத்திரைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றுவதாக இருந்தால் அவர் மாற்றட்டும்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கடற்கரையில் பிறந்த உங்களுக்கு இந்தத் தேதி தெரியாதா? பெயின்ட்டுக்கு எடுத்துவைக்கத் தெரிந்ததே! ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். காசில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். உங்களைக் கடலுக்குப் பழக்கியவர் அவர். தனக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மகனிடம் வாய்விட்டுக் கேட்கமாட்டார். நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

இன்று இரவே அப்பாவின் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்தால், நாளைக் காலை கரைக்குப் போகுமுன் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், அந்த நாலாம் நாள் கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.